வயிற்றில் பை, கையில் வேலை: ஸ்டோமாவோடு புதிதாக வீடு திரும்பியவர்களுக்கு

ஸ்டோமா என்பது மலமோ சிறுநீரோ வெளியேற ஆபரேஷனில் வயிற்றின் மேல் வைக்கிற வாய்; வருவதைப் பிடிக்க அதன் மேல் ஒரு பை. ஆஸ்பத்திரியில் அந்தப் பையை மாட்டுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்புவார்கள். நேற்று முழுக்கச் சமர்த்தாக இருந்த வயிறு இன்றைக்குக் காலை பத்து மணிக்குள் ஏன் இரண்டு தடவை பையை நிரப்பியது, நாளைக்கு என்ன செய்யும் என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் யாருக்கும் தெரியாது. நான் தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம், எனக்கு இருப்பது இலியாஸ்டமி, அதாவது சிறுகுடலில் வைத்த ஸ்டோமா, அதனால் எழுதுவதில் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் கட்சி இதுதான்: நாள் எப்படிப் போகும் என்று கணிக்க உட்கார்ந்தால் மண்டை காய்வதுதான் மிச்சம். அதை விட்டுவிட்டு, கெட்ட நாள் வந்தாலும் அது அரை மணி நேரத்தோடு தொலையும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

உங்களுக்கு இருப்பது எது?

டிஸ்சார்ஜ் சம்மரியைப் பாருங்கள். பெருங்குடலை வெளியே எடுத்து வைத்திருந்தால் கொலாஸ்டமி, சிறுகுடல் என்றால் இலியாஸ்டமி, சிறுநீருக்கான வழி என்றால் யூரோஸ்டமி. இடது பக்கக் கொலாஸ்டமியில் மலம் ஓரளவு கெட்டியாக நாளைக்கு ஒன்றிரண்டு முறை வரும். இலியாஸ்டமியில் தண்ணீரை உறிஞ்ச வேண்டிய பெருங்குடல் வரைக்கும் போகாமலே வெளியே வந்துவிடுவதால் நாள் முழுக்கத் தளர்வாக வந்துகொண்டே இருக்கும். உடம்பு பழகிய பிறகு ஒரு நாளைக்கு 500 முதல் 800 மில்லி என்பது பொதுவான அளவு. யூரோஸ்டமி நிற்காமல் சொட்டிக்கொண்டே இருக்கும். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், கொலாஸ்டமி இருக்கிற மாமா ஒருவர் தனக்குச் சரியாக வந்ததென்று சொன்ன மலமிளக்கியை இலியாஸ்டமிக்காரர் குடித்தால் நேராக டிரிப்ஸ் ஏற்றத்தான் போக வேண்டியிருக்கும். யார் என்ன யோசனை சொன்னாலும், உங்களுக்கு எந்த வகை என்று கேட்டுவிட்டு அப்புறம் காது கொடுங்கள்.

இடது பக்கக் கொலாஸ்டமி நிரந்தரமாக உள்ளவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, கேட்காவிட்டால் பல இடங்களில் சொல்வதில்லை. தினமும் அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரே நேரத்தில் ஸ்டோமா வழியாக வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் குடலைக் கழுவிவிடுவது. இரிகேஷன் என்பார்கள். முக்கால் மணி, ஒரு மணி நேரம் பிடிக்கும், ஆனால் அடுத்த முறை வரைக்கும் பெரும்பாலும் தொந்தரவில்லாமல் இருக்கலாம். டாக்டர் உங்களுக்கு ஒத்துவரும் என்று சொல்லி, தெரிந்த நர்ஸ் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்த பிறகுதான் செய்ய வேண்டும். இலியாஸ்டமிக்கு இது கிடையாது.

முதல் இரண்டு மாதம்

ஆபரேஷன் முடிந்ததும் வீங்கியிருக்கும் ஸ்டோமா ஆறு முதல் எட்டு வாரத்தில் சுருங்கும். பையைத் தாங்கித் தோலில் ஒட்டிக்கொள்ளும் பசைத் தகடுதான் பிளேட். முதல் வாரம் வெட்டிய அளவிலேயே அதில் ஓட்டை வெட்டிக்கொண்டிருந்தால் நடுவில் தோல் தெரியும், அங்கே மலம் பட்டுப் புண்ணாகும், புண்ணில் பிளேட் ஒட்டாது, ஒட்டாததால் கசியும், கசிந்தால் புண் இன்னும் பெரிதாகும். முக்கால்வாசி கெட்ட நாட்களுக்கு மூலம் இந்தச் சுற்றுதான். அதனால் வாரம் ஒரு தடவை அளவு அட்டையை வைத்துப் பாருங்கள், ஸ்டோமாவைச் சுற்றி இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி போதும்.

கழுவ வெறும் தண்ணீர் மட்டும். டெட்டால் வேண்டாம், தேங்காய் எண்ணெய் வேண்டாம், குழந்தைகளுக்குப் போடுகிற பவுடர் வேண்டவே வேண்டாம். துடைக்கும்போது லேசாக ரத்தப் புள்ளி வந்தால் பயப்படாதீர்கள், ஈறு மாதிரி மெல்லிய சதை அது, தொட்டாலே கசியும். பீட்ரூட் சாப்பிட்டுவிட்டு மறுநாள் சிவப்பாக வருவதைப் பார்த்து வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் கூட்டவும் வேண்டாம்.

ஒரு பழைய நோட்டு எடுத்து, சாப்பிட்ட நேரம், பை காலி செய்த நேரம், கெட்டியா தண்ணியா, இவ்வளவு மட்டும் எழுதி வாருங்கள். கணிக்காதே என்று சொல்லிவிட்டு நோட்டு எதற்கு என்று கேட்பீர்கள். வயிறு எந்த நேரத்தில் ஓய்ந்திருக்கிறது என்று பார்க்கத்தான். பெரும்பாலானவர்களுக்கு அது விடியற்காலை, காபி தொண்டையில் இறங்குவதற்கு முன். பிளேட் மாற்றுவதை அந்த நேரத்துக்கு வைத்துக்கொண்டால் பாதி வேலை சுலபம். மூன்று நான்கு நாளைக்கு ஒரு தடவை, கசியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். இன்னும் ஒரு நாள் தாங்கும் என்று இழுத்தால் அது தாங்காமல் போவது நாம் சந்தையில் நிற்கும்போதாகத்தான் இருக்கும்.

கைப்பை

வீட்டை விட்டு இறங்கும்போது கூடவே வர வேண்டிய பை ஒன்று. தோளில் குறுக்காக மாட்டுகிற மாதிரி சின்னதாக இருக்கட்டும், ஏன் என்று கீழே வரும். அதற்குள்: அளவுக்கு ஏற்கெனவே வெட்டி வைத்த பிளேட் இரண்டு, பை இரண்டு, மூடுகிற கிளிப் ஒன்று கூடுதலாக, நாலு ரப்பர் பேண்ட், மருந்துக்கடையில் கிடைக்கும் காஸ் துணி, அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், கறுப்பு கவர், கொஞ்சம் செய்தித்தாள், உள்ளாடை ஒன்று, துணி உலர்த்தும் கிளிப் இரண்டு, ஓஆர்எஸ் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்பு சர்க்கரைப் பொடி) பாக்கெட் இரண்டு. வண்டி டிக்கியில் வைத்து வெயிலில் நிறுத்தாதீர்கள், பிளேட்டின் பசை இளகிப் பாழாகிவிடும். சாயங்காலம் சும்மா டிவி பார்க்கும் நேரத்தில் நாலைந்து பிளேட்டை வெட்டி வைத்துக்கொள்வது நல்ல பழக்கம், அவசரத்தில் கத்தரிக்கோல் பிடித்தால் கை நடுங்கும்.

ரப்பர் பேண்ட் எதற்கென்றால், காலி செய்யும்போது கிளிப் கைதவறிக் கக்கூஸுக்குள் விழும். விழுந்தே தீரும். அப்போது பையின் வாயை மூன்று மடிப்பு மடித்து இரண்டு ரப்பர் பேண்ட் போட்டால் வீடு வரைக்கும் தாக்குப்பிடிக்கும். வாயையே சுருட்டி ஒட்டி மூடுகிற பைகளில் இந்தக் கவலை இல்லை.

வெளியே இருக்கும்போது கசிந்தால்

பிளேட்டுக்கு அடியில் அரிப்போ எரிச்சலோ வந்தால் அது கசிவின் முதல் தந்தி. துணியில் ஈரம் தெரியும் வரை காத்திருக்காதீர்கள். மேலே பிளாஸ்திரி போட்டு அடைத்துச் சமாளிக்கவும் கூடாது. வெளியே வர வழியில்லாமல் தோலோடு தேங்கி நின்று ஒரே மணி நேரத்தில் தோலை வேகவைத்துவிடும்.

முதலில் இடம். நெடுஞ்சாலை என்றால் பெட்ரோல் பங்க், ஊருக்குள் என்றால் பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பறை, இல்லையென்றால் பக்கத்தில் இருக்கிற ஏதாவது நர்சிங் ஹோமில் நுழைந்து, ஆபரேஷன் செய்த வயிறு, பை மாற்ற வேண்டும் என்று சொன்னால் யாரும் மறுப்பதில்லை. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

நம் ஊர் கழிப்பறையில் பொருளை மாட்ட ஆணிகூட இருக்காது, தரையில் எதையும் வைக்க முடியாது, அதனால்தான் கைப்பை தோளில் குறுக்காக. உள்ளே போனதும் சட்டையைத் தூக்கி அதன் நுனியைக் காலரோடு துணி கிளிப்பால் கவ்வவிடுங்கள், புடவை என்றால் தலைப்பை ஜாக்கெட் தோளோடு. இப்போது இரண்டு கையும் உங்களுடையது. கறுப்பு கவரைத் திறந்து இடுப்புப் பட்டையில் அல்லது பாவாடை நாடாவில் செருகிக்கொள்ளுங்கள், கழற்றுவது நேராக அதற்குள் விழும். முதலில் பழைய பையைக் காலி செய்யுங்கள். வழக்கம்போலக் குந்தி, பையின் வாயை மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டே கிளிப்பை எடுத்து, அப்புறம் மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். ஒரு மக் தண்ணீரை முன்கூட்டியே ஊற்றி வைத்தால் மேலே தெறிக்காது.

பிளேட்டை மேலிருந்து கீழாக, ஒரு கையால் தோலை அழுத்திக்கொண்டே உரியுங்கள். பிடித்து இழுக்காதீர்கள். ஸ்டோமா இதற்கெல்லாம் காத்திருக்காது, நடுவில் வந்துகொண்டே இருக்கும், அதனால் காஸ் துணியை விரல் பருமனுக்குச் சுருட்டி அதன் வாயில் வைத்துவிட்டுச் சுற்றியுள்ள தோலைத் தண்ணீரால் துடையுங்கள். அப்புறம் ஈரம் போக ஒற்றி எடுத்து, செய்தித்தாளால் விசிறுங்கள். இந்த ஒரு நிமிஷத்தை மிச்சம் பிடிக்கப் பார்த்தால் எல்லா உழைப்பும் வீண், ஈரத்தோலில் எந்தக் கம்பெனி பிளேட்டும் ஒட்டாது. புது பிளேட்டை இதற்குள் அக்குளில் இடுக்கி வைத்துக்கொண்டால் பசை சூடாகி இளகியிருக்கும். காஸைக் கடைசி நொடியில் எடுத்துவிட்டு, கீழ்ப்பக்கத்திலிருந்து மேலாக ஒட்டி, உள்ளங்கையை வைத்து இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பையின் வாய் மூடியிருக்கிறதா என்று பார்க்காமல் சட்டையை இறக்காதீர்கள், இது எல்லாருக்கும் ஒரு தடவையாவது நடப்பது.

பழையதைக் காகிதத்தில் சுற்றிக் கவரில் கட்டிக் குப்பைத் தொட்டியில். கக்கூஸில் போட்டால் அடைத்துக்கொள்ளும். கிராமத்தில் குப்பை வண்டி வராவிட்டால் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள், மேலோட்டமாக எறிந்தால் நாய் இழுத்துக்கொண்டு வந்து தெருவில் போடும்.

மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்கிற பழக்கம் இருந்தால் மேலே சொன்ன கூத்து முக்கால்வாசி தேவைப்படாது. பை கனத்தால் அதன் எடையே பிளேட்டை இழுத்துப் பிரிக்கும்.

சாப்பாடு

வெளியே போவதால் காலையிலிருந்து பட்டினி கிடப்பது புதியவர்கள் எல்லாரும் செய்வது. பலன் இல்லை. குடல் காலியானாலும் வந்துகொண்டுதான் இருக்கும், காற்று மட்டும் அதிகமாகும். நேரத்துக்குக் கொஞ்சமாகச் சாப்பிடுவதுதான் வயிற்றை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவரும்.

முதல் ஆறு எட்டு வாரம் நார் குறைவாக. அப்புறம் ஒவ்வொன்றாக, கொஞ்சமாக, வீட்டிலேயே இருக்கப்போகிற நாளில் சாப்பிட்டுப் பாருங்கள். நம் பக்கத்து களி முழுங்குகிற சாப்பாடு, மெல்லுகிற பழக்கமே நமக்குக் கிடையாது. களியைத் தளரக் கிண்டி, சின்ன உருண்டையாக, ரசத்தோடு தொடங்குங்கள். மொச்சை, அவரை, முட்டைக்கோஸ் காற்றைக் கிளப்பும். கருவாடும் முட்டையும் வாடையைக் கூட்டும், மோர் குறைக்கும். இலியாஸ்டமிக்கு உண்மையிலேயே ஆபத்து அடைப்புதான்: தேங்காய்ச் சில்லு, வேர்க்கடலை, காளான், சோளக்கதிர், பலாச்சுளை, நார் உள்ள கீரைத்தண்டு, பழத்தோல். மெல்லாமல் முழுங்கினால் இவை ஸ்டோமாவின் வாயருகே வந்து உருண்டு நிற்கும்.

மாம்பழத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் கிருஷ்ணகிரிக்காரர்கள் விட மாட்டார்கள். நாரில்லாத பழுத்த பழமாக, தோல் சீவி, இரண்டு துண்டு, நன்றாக மென்று. உப்பு மிளகாய்த்தூள் தூவிய கிளிமூக்கு மாங்காயைத் தோலோடு கடிப்பதை இந்த சீசனுக்காவது மறந்துவிடுங்கள், எனக்கும் வருத்தம்தான்.

தண்ணியாகப் போகிற நாளில் குழைந்த சோறு, தயிர், வாழைப்பழம், வேகவைத்த உருளைக்கிழங்கு, ஜவ்வரிசிக் கஞ்சி. மரவள்ளி விளைகிற ஊரில் இருந்துகொண்டு ஜவ்வரிசியைப் பாயசத்துக்கு மட்டும் வைத்திருக்க வேண்டாம், கெட்டிப்படுத்துவதில் அது கெட்டிக்காரன். ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடித்தால் தூக்கத்தில் பை நிறைவது குறையும்.

தண்ணீர், உப்பு, சித்திரை வெயில்

இலியாஸ்டமிக்காரர்கள் இதை இரண்டு தடவை படியுங்கள். நமக்குத் தண்ணீரோடு உப்பும் வெளியே போகிறது. ஒரு பழைய பிளாஸ்டிக் மக்கில் அளவுக்கோடு போட்டு வைத்துக்கொண்டு, தண்ணியாகப் போகிற நாளில் அளந்து பாருங்கள். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் அதிகம். அப்போது தாகமாக இருக்கிறதே என்று சொம்பு சொம்பாக வெறும் தண்ணீர் குடித்தால் நிலைமை இன்னும் மோசமாகும், உப்பையும் இழுத்துக்கொண்டு வெளியே ஓடிவிடும். கூல்டிரிங்க்ஸும் டீயும் அப்படித்தான். ஓஆர்எஸ் பாக்கெட்டை அதில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் கரைத்து, மடக்கு மடக்காகக் குடியுங்கள். பாக்கெட் கையில் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, எல்லாம் தலை தட்டி. சர்க்கரை வியாதி, பிபி, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றை நிறுத்தும் லோபெராமைடு மாத்திரையும் அவர் சொல்லித்தான், மருந்துக்கடைக்காரர் சொல்லி அல்ல. மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகள் சில சமயம் முழுசாகப் பையில் வந்து விழும்; பார்த்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு எழுதித் தருவார்.

வெயில் காலத்தில் வேர்வையில் பிளேட் சீக்கிரம் விடும், மாற்றுவதை ஒரு நாள் முன்னால் தள்ளிக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் வராத நாளும் நம் ஊரில் உண்டு. ஒரு குடம் இதற்கென்று தனியாக மூடி வைத்திருக்கட்டும். அந்தக் குடத்தை நீங்கள் தூக்காதீர்கள், வெட்டிய வயிற்றில் பளு ஏற்றினால் ஸ்டோமாவை ஒட்டி குடலிறக்கம் வரலாம்.

பஸ்ஸில்

கிருஷ்ணகிரி டவுனுக்கு ரயில் கிடையாது, தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் போனால் தொப்பூர் கணவாய். அங்கே ஒரு லாரி கவிழ்ந்தால் போதும், மணிக்கணக்கில் வண்டி நகராது. அதனால் ஒரு மணி நேரப் பயணம் என்றாலும் நாலு மணி நேரத்துக்குத் தயாராக ஏறுங்கள்: ஏறும் முன் பையைக் காலி செய்து, நடைபாதைப் பக்கத்து சீட்டாக உட்கார்ந்து, கண்டக்டரிடம் “அண்ணா, வயித்துல ஆபரேஷன், அவசரம்னா சொல்றேன்” என்று ஒரு வார்த்தை போட்டுவைத்து. சொன்ன பிறகு நிறுத்தாத கண்டக்டரை நான் பார்த்ததில்லை.

விசேஷ வீடு

பந்தியில் தரையில் சம்மணம் போட்டால் பை மடங்கி நசுங்கும், டேபிள் பந்தியாகப் பார்த்து உட்காருங்கள். வேட்டி முடிச்சும் புடவை கட்டும் ஸ்டோமாவின் மேலே அழுத்தாமல் சற்று மேலோ கீழோ வரட்டும். காற்று சேர்ந்து பை புடைத்தால் ஒதுங்கிப் போய் வாயைத் திறந்து விட்டுவிட்டு வாருங்கள். மூடியிருக்கும் பையிலிருந்து வாடை வராது, வருகிறதென்றால் கசிகிறது என்று அர்த்தம். சத்தம் வரும், அதற்குக் கேட்டுக் கேள்வி இல்லை. கையை மேலே வைத்து லேசாக அழுத்தினால் அடங்கும். “என்னப்பா, ஒண்ணுமே சாப்பிடல” என்று இலையில் கொட்டுகிற பெரியம்மாவிடம் “டாக்டர் அளவா சாப்பிடச் சொல்லியிருக்கார் பெரியம்மா” என்றால் போதும், முழுக்கதையும் சொல்ல வேண்டியதில்லை. வேலை செய்கிற இடத்தில் மட்டும் யாராவது ஒருவருக்கு விஷயம் தெரிந்திருப்பது நல்லது, ஓசூர் பக்கம் ஷிப்டில் நிற்பவர்களுக்குக் கட்டாயம். லைனில் இருந்து பத்து நிமிஷம் காணாமல் போக ஒரு ஆள் துணை வேண்டுமே.

சமாளிக்காமல் ஓட வேண்டிய நேரம்

ஸ்டோமா சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். கருஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ மாறினால் அன்றே ஆஸ்பத்திரி. இலியாஸ்டமியில் நாலு முதல் ஆறு மணி நேரம் ஒன்றுமே வராமல் வயிறு முறுக்கி வலித்தால் அடைப்பாக இருக்கலாம். கெட்டி ஆகாரத்தை நிறுத்துங்கள், வெந்நீர் மடக்கு மடக்காக, முழங்காலை நெஞ்சோடு அணைத்துப் படுத்துப் பாருங்கள். வாந்தி வந்தாலோ வலி கூடினாலோ இதெல்லாம் வேண்டாம், கிளம்புங்கள். உள்ளிருந்து ரத்தம் நிற்காமல் வந்தாலும், நிறைய வெளியேறி, சிறுநீர் குறைந்து, தலை சுற்றிக் கெண்டைக்கால் இழுத்தாலும் அப்படியே. தருமபுரியில் 2008 முதலும் கிருஷ்ணகிரியில் 2022 முதலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 108 கூப்பிடலாம். வகை என்ன, ஆபரேஷன் எப்போது, எங்கே, என்ன மாத்திரை என்று ஒரு அட்டையில் எழுதிக் கைப்பையில் போடுங்கள். இலியாஸ்டமி என்றால் ‘மலமிளக்கி கூடாது’ என்பதைப் பெரிய எழுத்தில்.

கடைசியாகக் கையிருப்பு. பை எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்காது, சொல்லி வைத்து வரவழைக்க வேண்டியிருக்கும். வீட்டில் கடைசிப் பெட்டியைப் பிரிக்கிற அன்றே அடுத்ததைச் சொல்லிவிடுங்கள். இரண்டு செட் அடிக்கடி போகிற உறவுக்காரர் வீட்டிலும் கிடக்கட்டும். கோலோபிளாஸ்ட், கான்வாடெக், ஹாலிஸ்டர் என்று கம்பெனிக்குக் கம்பெனி பிளேட்டும் பையும் மாறும், ஒன்றின் பை இன்னொன்றின் பிளேட்டில் மாட்டாது. பெட்டியின் மேல் இருக்கும் அளவையும் எண்ணையும் படம் எடுத்து உங்கள் போனில் மட்டும் வைக்காமல் வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவையுங்கள், நீங்கள் படுத்திருக்கிற அன்று கடைக்குப் போகப்போவது அவர்தான்.